கோப்பையா, துணியா என்று கேட்பதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மறுமுறை பயன்படுத்தத்தக்க மாதவிடாய்ப் பொருள்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசப்படும் ஒன்றை நாளிதழில் வெளிப்படையாக எழுதியதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரை, யோனிக்குள் வைத்து இரத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும் மாதவிடாய்க் கோப்பை நல்லது, துணி நாப்கின் நல்லது, குப்பை குறையும், பணம் மிச்சமாகும் என்று சொல்வதோடு நின்றுவிட்டது. யாருக்கு எது பொருந்தும், அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கிய பிறகு முதல் சில மாதங்களில் என்னென்ன நேரும், எந்த உடல்நிலையில் தவிர்க்க வேண்டும் என்பவற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை என்னால் இயன்ற அளவு நிரப்பலாம் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

நான் மகளிர் மருத்துவப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கோப்பையை வாங்கி, இரண்டு நாள் முயன்று பார்த்து, ஒழுகியது என்றோ வலித்தது என்றோ அலமாரியின் அடியில் போட்டுவிட்டு, "என் உடம்புக்குத்தான் இது சரிப்படவில்லை" என்று சொன்ன பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுள் பெரும்பாலோருக்கு உடம்பில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அளவு பொருந்தாத ஒன்றை வாங்கியிருந்தார்கள், அல்லது அதை வெளியே எடுக்கும் முறையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பொருளின் சிறப்பைச் சொல்பவர்கள் பயன்படுத்தும் முறையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே நொந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

எது சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், என்னிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வியை ஒரு பெண் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. கையையும் பொருளையும் கழுவத் தாராளமாகத் தண்ணீர் கிடைக்கிறதா? துவைத்த துணியைப் பிறர் பார்வைக்கு அஞ்சாமல் வெயிலில் உலர்த்த இடம் இருக்கிறதா? தாழிட்டுக்கொண்டு பத்து நிமிடம் நிதானமாக இருக்கக் குளியலறை இருக்கிறதா? ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் வீட்டில் யாரும் கேள்வி கேட்காமல் இருப்பார்களா? தன் உடலைத் தன் விரலால் தொட்டறிய அவளுக்கு மனம் ஒப்புகிறதா? இவற்றுக்குக் கிடைக்கும் விடையை வைத்துத்தான் துணியா, மாதவிடாய் உள்ளாடையா, கோப்பையா என்று முடிவுசெய்ய வேண்டும். விளம்பரத்தையோ, தோழிக்குப் பொருந்தியது என்பதையோ வைத்து முடிவுசெய்தால் தவறிப்போக வாய்ப்பு மிகுதி.

துணி நாப்கினிலிருந்து தொடங்குகிறேன். இன்று கிடைக்கும் துணி நாப்கின், பழைய துணியை மடித்து வைப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. உடலில் படும் பக்கம் மென்மையான பருத்தி, நடுவில் உறிஞ்சுவதற்கான பல அடுக்குகள், அடியில் ஈரம் கசியாமலிருக்கப் பாலியூரித்தேன் பூச்சுள்ள ஒரு மெல்லிய படலம், இருபுறமும் பொத்தான் வைத்த சிறகுகள் என்று அது தைக்கப்படுகிறது. உள்ளே எதையும் செலுத்த வேண்டியதில்லை என்பதால் முதன்முதலில் பூப்பெய்திய சிறுமிக்கும், உள்ளே வைப்பதை விரும்பாதவர்களுக்கும், பிறப்புறுப்பில் வலியோ புண்ணோ உள்ளவர்களுக்கும் ஏற்றது. ஒன்றிரண்டு வாங்கினால் போதாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றவும், துவைத்தது நன்றாகக் காயும் வரை காத்திருக்கவும் வேண்டியிருப்பதால் எட்டுக்குக் குறையாமல் கைவசம் இருந்தால்தான் ஈரம் காயாத ஒன்றை எடுத்து வைக்கும் நிலை வராது. ஈரம் காயாததை வைப்பதுதான் துணி நாப்கினில் நேரும் மிகப் பெரிய தவறு.

துவைப்பதிலும் ஒரு முறை உண்டு. இரத்தக் கறையில் புரதம் இருக்கிறது. வெந்நீர் பட்டால் அது இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதலில் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். சிறிது நேரம் ஊறவைத்து, இரத்தத்தின் நிறம் போகும் வரை அலசிய பிறகு வழக்கமான சோப்பால் துவைக்கலாம். பல மணி நேரம் ஒரே நீரில் ஊறவிட்டால் கிருமி பெருகி நாற்றம் எழும். துணியை மிருதுவாக்கும் திரவங்கள் இழைகளின்மேல் ஒரு பூச்சுபோலப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடுவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். சோப்பு எச்சம் தங்கினால் தோல் எரியும் என்பதால் கடைசி அலசலில் தண்ணீர் தெளிவாக வரவேண்டும். புதிதாக வாங்கியதையும் ஒரு முறை துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

உலர்த்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒடிசாவில் பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், துணியை மறுபடி பயன்படுத்தியவர்களுள் அதை வீட்டுக்குள்ளேயே காயவைத்தவர்களுக்கும், கழிப்பறையில் மறைத்து வைத்திருந்தவர்களுக்கும் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று கூடுதலாகக் காணப்பட்டது. துணியைப் பயன்படுத்துவதே கேடு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெட்கத்தினால் வேறொரு துணிக்கு அடியில் போட்டு, இருண்ட மூலையில் அரைகுறையாகக் காயவிடுவது கேட்டுக்கு இடம் கொடுக்கலாம். ஆகவே ஒரு பெண்ணுக்குத் துணி நாப்கினைக் கொடுப்பவர்கள், அதை வெளிச்சத்தில் உலர்த்தும் உரிமையையும் அந்த வீட்டில் பெற்றுத்தர வேண்டும். கொடியில் தொங்கும் துணியைக் கண்டு முகம் சுளிக்கும் ஆண்களும், "உள்ளே போட்டுக் காயவை" என்று மகளை அதட்டும் தாய்மார்களும் தெரிந்தோ தெரியாமலோ தொற்றுக்கு வழி செய்கிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இரத்தத்தைத் தானே உறிஞ்சும்படி மாதவிடாய்க்கென்றே தைக்கப்படும் உள்ளாடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அணிவதற்கு எளிது, கற்றுக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பி நீண்ட நேரம் இருக்க முடியும் என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க வேண்டாம். இத்தகைய பொருள்களின் கொள்ளளவைப் பெரும்பாலும் தண்ணீராலோ உப்புநீராலோதான் அளந்து வந்தார்கள். 2023-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் உண்மையான இரத்தத்தைக் கொண்டு 21 பொருள்களைச் சோதித்தபோது, உள்ளாடை ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் மட்டுமே தாங்கியது. இரத்தம் தண்ணீரைவிடத் தடித்தது, துணிக்குள் மெதுவாகத்தான் இறங்கும். எனவே ஒழுக்கு குறைந்த கடைசி நாள்களுக்கும், கோப்பையோடு சேர்த்து ஒரு கூடுதல் காப்பாகவும் அதை வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. சில நிறுவனங்களின் உள்ளாடைகளில், கறை ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்படுவதும் இயற்கையில் எளிதில் சிதையாததுமான ஃபுளோரின் வகை வேதிப்பொருள்களின் தடயம் இருப்பதாகச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அவை சேர்க்கப்படவில்லை என்று வெளிப்படையாக உறுதி கூறும் தயாரிப்பைத் தேடி வாங்குவது தகும்.

இனிக் கோப்பைக்கு வருகிறேன். இது நேற்றைக்கு வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்னும் பெண்மணி 1937-ஆம் ஆண்டிலேயே இரப்பர்க் கோப்பைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்று கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை மருத்துவத் தரச் சிலிக்கோனால் ஆனவை, சில இயற்கை இரப்பரால் ஆனவை. இரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கவனித்து வாங்க வேண்டும். கோப்பை இரத்தத்தை உறிஞ்சுவதில்லை. யோனிக்குள் விரிந்து நின்று இரத்தத்தைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. அதனால் உள்சுவரின் இயல்பான ஈரத்தை அது வற்றச்செய்வதில்லை. லான்செட் பொது நலவாழ்வு இதழ் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 3,300 பேர் பங்கேற்ற 43 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, கோப்பை பாதுகாப்பானது என்றும், ஒழுகுவது மற்றப் பொருள்களைப் போலவோ அவற்றைவிடக் குறைவாகவோ இருப்பதாகவும் முடிவுக்கு வந்தது. பழகிய பிறகு தொடர்ந்து பயன்படுத்த விரும்பியவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர். இந்த எண்ணை எடுத்துச் சொல்பவர்கள் "பழகிய பிறகு" என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். எஞ்சிய 30 விழுக்காட்டினரையும் மறந்துவிடுகிறார்கள்.

கோப்பையைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வயதும் பிள்ளைப்பேறும்தான். முப்பது வயதுக்குக் கீழே என்றால் சிறியது, குழந்தை பெற்றவர் என்றால் பெரியது என்று இருக்கும். இது ஒரு தோராயம் மட்டுமே. உண்மையில் முதலில் அறிய வேண்டியது கருப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான். மாதவிடாய் நாளில், கையை நன்றாகக் கழுவி, நடுவிரலை மெல்ல உள்ளே செலுத்தினால் மூக்கு நுனியைப் போலத் திரண்டு சற்றுக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கருப்பை வாய். விரலின் முதல் கணு போவதற்குள் தட்டுப்பட்டால் கருப்பை வாய் தாழ்வாக இருக்கிறது, நீளம் குறைந்த கோப்பைதான் பொருந்தும். இரண்டாம் கணு வரை போனால் நடுத்தரம். விரல் முழுதும் போயும் எட்டவில்லை என்றால் உயரத்தில் இருக்கிறது, நீளமான கோப்பையே எளிதில் கைக்கு எட்டும். இந்த உயரம் மாதவிடாயின் நாள்களுக்குள்ளேயே மாறக்கூடும் என்பதால் இரண்டு மூன்று நாள்கள் பார்த்துக்கொள்வது நல்லது. நீளமான கோப்பையைத் தாழ்ந்த கருப்பை வாய் உள்ளவர் வைத்துக்கொண்டு, அது வெளியே துருத்தி நடக்க முடியாமல் துன்பப்பட்டு, கோப்பையே வேண்டாம் என்று விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கோப்பையின் விறைப்பு. விளம்பரத்தில் இதைக் கிட்டத்தட்ட யாரும் சொல்வதில்லை. விறைப்பான கோப்பை உள்ளே போனதும் தானே விரிந்துகொள்ளும், ஆனால் சிறுநீர்ப்பையை அழுத்தி, அடிக்கடி சிறுநீர் வருவதுபோன்ற உணர்வைத் தரலாம். மென்மையான கோப்பை அழுத்தாது, ஆனால் மடிப்பு முழுதும் விரியாமல் நின்று ஓரத்தில் ஒழுகலாம். ஓட்டம், நீச்சல், பளு தூக்குதல் முதலியவற்றால் இடுப்புத் தளத் தசைகள் வலுவாக உள்ளவர்களுக்கு மென்மையான கோப்பை நசுங்கிவிடும். அவர்களுக்கு விறைப்பானதே ஏற்றது. சிறுநீர் கழிப்பதில் ஏற்கெனவே தொல்லை உள்ளவர்கள் மென்மையானதிலிருந்து தொடங்கலாம்.

நான் முதன்முதலில் கோப்பையைப் பயன்படுத்தியது பணியில் இருந்த காலத்தில்தான். செவிலியர் என்பதால் எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் குறிப்புத்தாளைச் சரியாகப் படிக்காமல் விட்டுவிட்டேன். வைப்பது எளிதாகவே முடிந்தது. எடுக்கும் நேரத்தில் அடியிலிருக்கும் காம்பைப் பிடித்து நேராக இழுத்தேன். உள்ளே ஏதோ பிய்வதுபோன்ற வலி. கோப்பை விரிந்ததும் அதன் விளிம்புக்கும் உள்சுவருக்கும் இடையே ஒரு வெற்றிட இறுக்கம் உண்டாகும். அதை உடைக்காமல் இழுத்தால் கருப்பையையும் சேர்த்துக் கீழே இழுப்பதுபோல ஆகும். அதை அறிந்திருக்க வேண்டிய நானே அன்று பயந்துபோய்த் தசைகளை இறுக்கிக்கொண்டேன், இறுக்க இறுக்க அது மேலே ஏறியது. அரை மணி நேரம் கழித்து, மூச்சைச் சீராக விட்டு, குந்தி உட்கார்ந்து, மலம் கழிக்கும்போது முக்குவதைப் போல மெல்ல ஒரு முக்கு கொடுத்த பிறகு அதன் அடிப்பாகம் விரலுக்கு எட்டியது. பயிற்சி பெற்ற எனக்கே அந்த நிலை என்றால், பக்கத்தில் கேட்க ஆளில்லாத ஒரு கல்லூரி மாணவி எப்படித் தவித்திருப்பாள் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைவுதான் இக்கடிதத்துக்கும் காரணம்.

எனவே முறையைச் சொல்லிவிடுகிறேன். கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு கோப்பையைத் தண்ணீரில் நனைத்து மடிக்க வேண்டும். இரண்டாக மடித்து ஆங்கில எழுத்து சி வடிவில் பிடிப்பது ஒரு முறை. விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அமுக்கிக் கூராக்கிக்கொள்வது இன்னொரு முறை, இதில் நுழையும் முனை சிறிதாக இருப்பதால் புதியவர்களுக்கு எளிது. நேர் மேலே செலுத்தாமல், முதுகெலும்பின் கீழ்நுனியை நோக்கிச் சாய்வாகச் செலுத்த வேண்டும். உள்ளே போனதும் விரலால் கோப்பையின் அடிப்பாகத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தால், மடிப்பு விழாமல் வட்டமாக விரிந்திருக்கிறதா என்று தெரியும். மடிப்பு இருந்தால் அடியைப் பிடித்து மெல்லத் திருப்பினால் விரிந்துகொள்ளும். கருப்பை வாய் கோப்பைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்காமல் அதன் வாய்க்குள் இருக்க வேண்டும். ஒழுகுகிறது என்று வருந்துபவர்களுள் பலருக்குக் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான். எடுக்கும்போது காம்பைப் பிடித்துக் கோப்பையின் அடி எட்டும் வரை மட்டும் கீழே கொண்டுவந்து, அடிப்பாகத்தை இரு விரலால் அழுத்திக் காற்று நுழைந்த பிறகு, இடமும் வலமுமாக மெல்ல அசைத்து வெளியே எடுக்க வேண்டும். உராய்வைக் குறைக்க எண்ணெயோ சிலிக்கோன் கலந்த வழுக்குப்பொருளோ தடவினால் கோப்பை கெட்டுப்போகலாம். தேவையென்றால் நீரில் கரையும் வகையைப் பயன்படுத்தலாம். முதல் மாதம் வீட்டிலிருக்கும் நாளில் பழகுவதும், மூன்று மாதவிடாய்ச் சுழற்சி வரை கூடவே ஒரு துணி நாப்கினையும் அணிந்துகொள்வதும் மன அமைதியைத் தரும். மூன்று மாதம் கழித்தும் வசப்படவில்லை என்றால் வேறு அளவை முயலலாம், அல்லது விட்டுவிடலாம்.

உள்ளே தொலைந்துபோய்விடுமா என்று கேட்பவர்கள் மிகுதி. யோனியின் மேல்முனையைக் கருப்பை வாய் அடைத்திருக்கிறது, அதன் துளை மிகச் சிறியது. கோப்பை அதைத் தாண்டி எங்கும் போக முடியாது. மேலே ஏறிக் கைக்கு எட்டாமல் போனால் பதற்றம் தணியும் வரை காத்திருந்து மறுபடி முயலலாம். அப்போதும் வரவில்லை என்றால் மருத்துவமனையில் எளிதாக எடுத்துவிடுவார்கள், அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கோப்பையால் கன்னித்தன்மை போய்விடுமா என்று திருமணமாகாத பெண்களின் தாய்மார்கள் கேட்பார்கள். கன்னித்திரை என்பது யோனி வாயை முழுதும் மூடிய தோல் அன்று, வாயைச் சுற்றி அமைந்த நெகிழ்வான மடிப்பு. அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அறிய முடியாது. கன்னித்தன்மைச் சோதனை என்பதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் 2018-ஆம் ஆண்டு கூட்டாக அறிவித்து, அதை ஒழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டன. கோப்பையை ஒரு பெண் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் அவளுடைய வசதியைப் பொறுத்தது மட்டுமே.

அச்சத்துக்கு உண்மையிலேயே இடமுள்ளவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் எனப்படும் நச்சு அதிர்ச்சி நோய், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி வெளியிடும் நச்சால் வருவது. 1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில், யோனிக்குள் வைத்து இரத்தத்தை உறிஞ்சவைக்கும் டாம்பான் என்னும் பஞ்சுச் சுருள்களில் மிக அதிகமாக உறிஞ்சும் வகையைப் பயன்படுத்திய பெண்களிடையே அது கூடுதலாகக் காணப்பட்டது. கோப்பையால் அது வருவது மிக அரிது. மேலே சொன்ன தொகுப்பாய்வு கண்டறிந்தவை ஐந்து நேர்வுகள் மட்டுமே. ஆனாலும் வரவே வராது என்று சொல்வது தவறு. கோப்பை உள்ளே இருக்கும்போது திடீரென்று கடுங்காய்ச்சல், வாந்தி, மயக்கம், வெயிலில் கன்றியதுபோன்ற தோல் சிவப்பு ஆகியவை தோன்றினால் உடனே கோப்பையை எடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தியதாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை எடுத்துக் கழுவிவிடுங்கள் என்றுதான் நான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இதற்கு முன் அந்த நோய் வந்தவர்கள் கோப்பையைப் பயன்படுத்தவே கூடாது.

காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனம் பொருத்தியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காப்பர்-டி பொருத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், கோப்பையைப் பயன்படுத்தியவர்களுக்குச் சாதனம் தானாக வெளியேறியது மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. எனவே மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டாம். கருப்பை இறக்கம் உள்ளவர்களும், மகப்பேற்றுக்குப் பின் ஆறு வாரம் நிறையாதவர்களும், யோனித் தொற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களும் கோப்பையைத் தவிர்க்க வேண்டும். தவறான இடத்தில் அமர்ந்த கோப்பை, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை அழுத்தி விலாவில் வலியை உண்டாக்கிய நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிகச் சிலருக்கே நேர்ந்தது என்றாலும், மாதவிடாய் நாளில் மட்டும் ஒரு பக்க விலாவில் வலி வந்தால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தூய்மையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மாதமும் தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் கோப்பையைக் கொதிக்கும் நீரில் முழுதும் மூழ்கும்படி போட்டு, குறிப்புத்தாளில் உள்ள நேரப்படி, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் சிலிக்கோன் கருகிக் கெட்டுவிடும். எனவே அடுப்பை விட்டு நகராமல் இருக்க வேண்டும். தண்ணீரை வற்றவே விடக் கூடாது. இதற்கென்று ஒரு சிறு பாத்திரத்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம். இடையில் உள்ள நாள்களில் முதலில் குளிர்ந்த நீராலும், பிறகு வாசனை சேர்க்காத சோப்பாலும் கழுவினால் போதும். விளிம்புக்குக் கீழே உள்ள நுண்ணிய துளைகளில் அழுக்கு தங்கினால் வெற்றிட இறுக்கம் சரியாக அமையாது. கோப்பையில் நீர் நிரப்பி உள்ளங்கையால் வாயை மூடி அழுத்தினால் துளைகள் வழியே நீர் பீய்ச்சி அழுக்கு வந்துவிடும். பிரான்சில் ஆய்வுக்கூடத்தில் நடத்தப்பட்டு 2018-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, கோப்பையின்மேல் கிருமிகள் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளக்கூடும் என்றும், வெறும் தண்ணீரில் கழுவுவதால் அது முழுதும் போவதில்லை என்றும் காட்டியது. வசதியுள்ளவர்கள் இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல் துணிப்பையில் வைக்க வேண்டும். நிறம் மங்குவதால் கேடில்லை. பிசுபிசுப்பு, விரிசல், போகாத நாற்றம் இவற்றில் ஒன்று வந்தால் எறிந்துவிட வேண்டும்.

டிஸ்க் எனப்படும் தட்டையான வட்டு வடிவப் பொருளும் இப்போது மறுபயன்பாட்டுக்குக் கிடைக்கிறது. அது வெற்றிட இறுக்கத்தால் நிற்பதில்லை. பின்புறம் கருப்பை வாய்க்குப் பின்னாலும், முன்புறம் இடுப்பெலும்புக்குப் பின்னாலும் செருகி நிற்கிறது. மேலே சொன்ன 2023-ஆம் ஆண்டு ஆய்வில் மிக அதிகமாக, சராசரியாக 61 மில்லிலிட்டர் கொண்டது அதுதான். எடுக்கும்போது கை அழுக்காகும் என்பதைத் தாங்கிக்கொள்பவர்களுக்கு நல்லது.

இந்த அளவுகளைச் சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒரு மாதவிடாயில் ஒரு பெண் இழக்கும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை இருக்கும். 80 மில்லிலிட்டருக்கு மேல் போவதை மிகை இரத்தப்போக்கு என்று மருத்துவர்கள் நெடுங்காலமாக வகுத்திருக்கிறார்கள். ஆனால் நாப்கினைப் பார்த்து யாரால் அளவு சொல்ல முடியும்? "நிறையப் போகிறது" என்று சொன்ன பெண்ணிடம் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பியதையும், அவளே சில மாதங்கள் கழித்து இரத்தசோகையால் தள்ளாடி வந்ததையும் நான் கண்டிருக்கிறேன். பல கோப்பைகளில் அளவுக்கோடுகள் உள்ளன. ஒவ்வொரு முறை கொட்டும்போதும் அளவைக் குறித்து வைத்து, அந்தத் தாளை மருத்துவரின் மேசையில் வைக்கும் பெண்ணை அவ்வளவு எளிதில் யாரும் திருப்பி அனுப்ப முடியாது. இந்தப் பொருள்களுக்கு இருக்கும் நன்மைகளில் எனக்கு மிகவும் பெரியதாகத் தோன்றுவது இதுதான், அந்தக் கட்டுரையில் இது இடம்பெறவே இல்லை. அளவு எதுவானாலும், இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனைந்துபோனாலோ, பெரிய இரத்தக் கட்டிகள் வெளியேறினாலோ, மாதவிடாய் உங்கள் வேலையையும் உறக்கத்தையும் முடக்கினாலோ, கணக்கெடுத்துக்கொண்டிராமல் மருத்துவரைப் பாருங்கள்.

சுற்றுச்சூழல் நன்மையை நான் மறுக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலும் கோப்பைதான் மிகக் குறைந்த பாதிப்புடையதாகக் காட்டப்பட்டது. ஆனால் அந்தப் பொறுப்பைப் பெண்ணின் தலைமேல் மட்டும் ஏற்றி, ஒருமுறை பயன்படுத்தும் நாப்கினை வாங்குகிறவளைக் குற்றவாளிபோலப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் இல்லாத விடுதியில் இருப்பவளுக்கும், உள்ளே எதை வைத்தாலும் வலியால் துடிப்பவளுக்கும், தன் உடலைத் தொடவே இன்னும் மனம் வராத பதின்பருவப் பெண்ணுக்கும் அது நியாயமான தேர்வுதான். அதேபோல, கை கழுவக் குழாய் இல்லாத இடத்தில் கோப்பைகளைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மகளிர் பக்கத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்கி, கருப்பை வாயின் உயரத்தை அறிவது, கோப்பையை மடிப்பது, வெற்றிட இறுக்கத்தை உடைத்து எடுப்பது ஆகிய மூன்றையும் தெளிவான கோட்டுப் படங்களோடு, மகப்பேறு மருத்துவர் ஒருவர் சரிபார்த்த விளக்கத்துடன் வெளியிடுங்கள். பெயர் குறிப்பிடாமல் வாசகியர் கேள்வி அனுப்ப ஒரு வழியும் செய்யுங்கள். வெட்டியெடுத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்துக்கொள்ளும் அளவில் அந்தப் படங்கள் இருந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்